நாற்பத்திரண்டாம் நாள்

நுழையும்முன்

மதுவை விட வேண்டும் என்று எண்ணாத குடிநோயாளர் அரியர். விட்டவரும் பலர் உளர். விட்டதை விட்டபடியே காத்து நிற்பவரே சிலர். எண்ணத்துக்கும் நிலைபேற்றுக்கும் இடையே உள்ள தொலைவைக் கடக்க எவை துணைசெய்கின்றன? மருந்தா, மனவுறுதியா, மனந்திறந்த பேச்சா, பாட்டா? மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து எல்லையூர் ஒன்றிலிருந்து தொடங்கி இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

எல்லையூரும் மாலையும்

தென்காசி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில் அமைந்துள்ளது புளியறை. செங்கோட்டையைக் கடந்து கேரளம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை இவ்வூரைத் தொட்டுவிட்டு மலையேறுகிறது. ஆரியங்காவுக் கணவாயின் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நுழைவதால், குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில் புளியறை வயல்களும் நனைந்திருக்கும். 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணையும்வரை செங்கோட்டை வட்டாரம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. இன்று புளியறையில் இருப்பது மாநில எல்லைச் சோதனைச்சாவடி. இரவெல்லாம் சரக்குந்துகள் வரிசையில் நிற்கும். ஓட்டுநர்கள் தேநீர்க் கடைகளின் முன் காத்திருப்பர்.

கார்த்திகை பிறந்துவிட்டால் இச்சாலையின் தோற்றமே மாறிவிடும். கறுப்பும் நீலமும் காவியும் உடுத்தியவர்கள் ஆரியங்காவுக்கும் அச்சன்கோவிலுக்கும் சபரிமலைக்கும் இவ்வழியே செல்வர். ஊர்திகளின் உள்ளிருந்து சரண முழக்கம் கேட்கும். கழுத்தில் துளசி மணியோ உருத்திராக்கமோ கிடக்கும். அம்மாலையை அணிந்தவர் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தொரு நாள், மதுவைத் தொடுவதில்லை.

தமிழகத்தின் எத்தனையோ வீடுகளில் அந்த நாற்பத்தொரு நாள் ஓராண்டின் தனிப் பருவமாக எண்ணப்படுகிறது. கதவு தட்டப்படும் ஓசை கேட்டுப் பிள்ளைகள் திடுக்கிடுவதில்லை. கூலிப்பணம் முழுமையாக வீடு சேர்கிறது. அடகுக் கடையிலிருந்து ஒரு நகையேனும் மீள்கிறது. இரவில் விளக்கணைத்த பிறகு அவ்வீட்டுப் பெண் அச்சமின்றி உறங்குகிறாள். ஆண்டு முழுவதும் குடித்தவர் ஒரு மண்டலம் முழுமையும் குடிக்காமல் இருக்கிறார் என்றால், அவரிடம் மனவுறுதி இல்லை என்று எவரும் சொல்லிவிட இயலாது. சிக்கல் நாற்பத்திரண்டாம் நாளில்தான் தொடங்குகிறது. மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றிய இரவிலேயே பலர் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகின்றனர்.

இதனைக் கண்டு நகைப்பதும் 'வேடம்' என்று பழிப்பதும் எளிது. ஆயினும், நோன்பு அவருக்கு எவற்றைக் கொடுத்தது என்று பார்ப்பதே பயனுடையது. முதலாவதாக, அது அவருக்கு ஒரு புதுப்பெயரைக் கொடுத்தது. நேற்றுவரை பட்டப்பெயரால் ஏசிய தெரு அவரைச் 'சாமி' என்று அழைத்தது. மனைவியும் மக்களும் அவ்வாறே அழைத்தனர். விடியற்காலை நீராடல் அவருடைய நாளுக்கு ஓர் ஒழுங்கைத் தந்தது. குருசாமி என்னும் முதியவர் வழிகாட்டினார். தம்மைப் போலவே மாலையிட்ட நால்வர் உடனிருந்தனர். மாலை நேரத்தில் பாட்டிருந்தது. சரியாக அவர் குடிக்கப் புறப்படும் அதே வேளையில் பஜனை தொடங்கியது. எல்லாவற்றுக்கும் மேலாக, முடிவு நாள் தெரிந்திருந்தது. மாலையைக் கழற்றியபோது பெயர், ஒழுங்கு, வழிகாட்டி, துணை, பாட்டு ஆகிய யாவும் ஒரே நாளில் அவரை விட்டு நீங்கின. எஞ்சியது குடி மட்டுமே. குடிநோய் மருத்துவம் என்று இன்று அறியப்படும் துறை செய்யும் பணியைச் சுருங்கக் கூறின், நாற்பத்திரண்டாம் நாளுக்கு ஏற்பாடு செய்தல் எனலாம்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுதல் நன்று. நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும். நிறுத்திய சில மணி நேரத்தில் கைந்நடுக்கமும் வியர்வையும் உறக்கமின்மையும் தோன்றும். சிலருக்கு ஓரிரு நாள்களுக்குள் வலிப்பு வரும். வேறு சிலருக்கு இரண்டு மூன்று நாள்களில் மனம் குழம்பி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும், ஒலிகள் கேட்கும். இதனைப் பேய் பிடித்தது என்றும் சாமி குற்றம் என்றும் எண்ணிக் காலம் தாழ்த்துவோர் உண்டு. மருத்துவமனையில் சில நாள் தங்கி, உரிய மருந்துகளும் தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்தும் பெற்றால் இக்கட்டத்தைப் பாதுகாப்பாகக் கடக்கலாம். நோன்பு தொடங்குவோரும் இதனை அறிந்திருக்க வேண்டும்.

வள்ளுவரின் இரு குறள்கள்

சங்கப் பாடல்களில் கள் விருந்தோம்பலின் ஒரு பகுதி; அதியமானும் ஒளவையும் கள்ளைப் பகிர்ந்துண்ட செய்தி புறநானூற்றில் உண்டு. அதே மரபில் வந்த வள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தார். அவ்வதிகாரத்தின் கடைசி இரண்டு குறள்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வியப்பு உண்டாகும். ஒன்பதாவது குறள், கள்ளுண்டு மயங்கியவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வதை, நீருக்குள் மூழ்கியவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுவதற்கு ஒப்பிடுகிறது. பத்தாவது குறளோ, குடிக்காத பொழுதில் குடித்த ஒருவனைக் காணும்போது தன் நிலையை ஒருவன் எண்ணிப் பார்ப்பதில்லையா என்று வினவுகிறது.

முதற்குறளைக் குடிநோயாளர்பால் நம்பிக்கையின்மையாகக் கொள்வோர் உளர். அவ்வாறு கொள்ளுதல் பொருந்தாது. மயக்கத்தில் இருப்பவனிடம் பேசிப் பயனில்லை என்று கூறியவர், மயக்கம் தெளிந்த பொழுது ஒன்று உண்டு என்பதையும், அப்பொழுதில் பிறனைக் காண்பது தன்னைக் காண்பதாக மாறும் என்பதையும் உடனேயே கூறிவிட்டார். முதலில் உடலிலிருந்து நஞ்சை நீக்குதல், தெளிந்த பின் தன்னையொத்தவர் நடுவில் அமர்ந்து பேசுதல் என்பதே இன்றைய மருத்துவமனைகள் பின்பற்றும் வரிசை. அறிவுரை கூறும் உறவினர் பெரும்பாலும் அவ்வரிசையை மாற்றிவிடுகின்றனர். நள்ளிரவில், வாசற்படியில், தள்ளாடி நிற்பவனிடம் நியாயம் கேட்கின்றனர். பந்தம் நீரில் அணைகிறது.

குடியை ஒழுக்கக் குறை என்று மட்டுமே கருதிய காலம் நெடிது. 1956 ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கம் அதனை மருத்துவம் வேண்டும் நோய் என்று ஏற்றது. அதற்கு ஈராண்டுகள் முன்னர், 1954 இல், கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்னும் இருவர், எலிகளின் மூளையில் குறிப்பிட்ட பகுதியைத் தூண்டும் மின்விசையை எலிகளே அழுத்திக்கொள்ளுமாறு ஓர் ஆய்வை அமைத்தனர். எலிகள் அவ்விசையைத் திரும்பத் திரும்ப அழுத்தின. மூளையில் 'மீண்டும் வேண்டும்' என்னும் வேட்கையை எழுப்பும் பகுதிகள் உண்டு என்பது அதனால் தெளிவாயிற்று. மதுவும் பிற போதைப்பொருள்களும் அப்பகுதிகளில் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கச் செய்கின்றன. நாளடைவில் அதே அளவு மது அதே இன்பத்தைத் தராது. ஆனால் வேட்கை மட்டும் குறையாது. அதனால்தான் குடிநோயாளர் பலர், குடியில் இன்பம் இல்லை என்று உண்மையாகவே கூறிக்கொண்டு குடிக்கின்றனர். இந்தியாவில் 2017 ஆம் ஆண்டின் மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டமும் மது, போதைப்பொருள்களால் உண்டாகும் மனநிலைகளைத் தன் வரையறைக்குள் சேர்த்துள்ளது.

நோய் என்றதும் பொறுப்பு நீங்கிவிடுமோ என்று ஐயுறுவோர் உண்டு. நீரிழிவு வந்தவர் அது வந்ததற்காகப் பழிக்கப்படுவதில்லை. உணவைக் காக்கும் பொறுப்பு மட்டும் அவருடையதாகவே இருக்கிறது. குடிநோயும் அத்தகையதே.

வீட்டின் துயரம் நாட்டின் பணியாதல்

சென்னையில் தொழில்துறையில் பெயர்பெற்ற டி.டி.கே. குடும்பத்தைச் சேர்ந்தவர் டி.டி.ரங்கநாதன். செல்வமும் கல்வியும் வாய்த்த அவ்வீட்டிலும் குடிநோய் புகுந்தது. 1979 இல் அவர் இளம்வயதிலேயே இறந்தார். அவருடைய துணைவியார் சாந்தி ரங்கநாதன். கணவர் இறந்த காரணத்தை மறைத்து வைப்பதே அக்காலத்தில் எந்தக் குடும்பமும் செய்யக்கூடியது. உறவினரும் அதனையே எதிர்பார்த்திருப்பர். சாந்தி அதனை மறைக்கவில்லை. அமெரிக்கா சென்று குடிநோய் மருத்துவத்தில் பயிற்சி பெற்றார். கணவர் வீட்டாரின் துணையோடு 1980 இல் கணவரின் பெயராலேயே டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைச் சென்னையில் தொடங்கினார். ஒரு குடும்பம் தன் துயரத்தின் பெயரைப் பலகையில் எழுதித் தெருவில் மாட்டியது போன்றது அச்செயல். அம்மருத்துவமனை இன்று டி.டி.கே. மருத்துவமனை என அறியப்படுகிறது.

அங்கே உருவான முறைகளுள் இரண்டு சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவை. ஒன்று, நோயாளரோடு அவருடைய குடும்பத்தாரையும் மருத்துவத்திற்கு உட்படுத்துவது. குடிப்பவரைச் சுற்றி வாழ்வோர் தம்மை அறியாமலே நோய்க்கு ஏற்ப வளைந்துவிடுகின்றனர். கணவனுக்குக் காய்ச்சல் என்று மேலாளரிடம் மனைவி பொய் சொல்கிறாள். கடனைத் தந்தை அடைக்கிறார். மூத்த பிள்ளை தாயாகவும் தந்தையாகவும் மாறித் தன் பருவத்தை இழக்கிறது. இவர்கள் யாவரும் தனியே அமர்ந்து, தமக்கு நேர்ந்ததைச் சொல்லவும் அழவும் ஓர் அறை வேண்டும். 'உங்களுக்கு எப்படி இருக்கிறது?' என்று குடிநோயாளரின் மனைவியிடம் எவரும் கேட்பதில்லை என்பது எவரும் தம் தெருவிலேயே சோதித்தறியக்கூடிய உண்மை.

இரண்டாவது, ஊரகங்களில் நடத்திய முகாம். திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் 1989 முதல் ஆண்டுதோறும் முகாம்கள் நடைபெற்றன. நோயாளர் நகரம் சென்று தங்கினால் கூலி இழப்பு, பயணச்செலவு, ஊரார் பேச்சு எனத் தடைகள் பல. எனவே மருத்துவரும் ஆற்றுநரும் சிற்றூருக்கே வந்து பதினைந்து நாள் தங்கினர். அவ்வூரில் செல்வாக்குடைய அமைப்பொன்று இடமும் உணவும் ஏற்றுக்கொண்டது. முகாம் முடிந்த பின்னரும் தொடர்ந்து பார்த்தல் வகுக்கப்பட்டிருந்தது. இவ்வனுபவம் 1994 இல் 'அடிக்‌ஷன்' என்னும் பன்னாட்டு ஆய்விதழில் வெளியாயிற்று. சாந்தி ரங்கநாதனுக்கு 1992 இல் பத்மஸ்ரீ விருதும், 1999 இல் ஐக்கிய நாடுகள் அவையின் வியன்னா குடிமைச் சமூக விருதும் கிடைத்தன.

ஊர் நடுவே, ஊரார் அறிய மருத்துவம் பெறுவதில் ஒரு நுட்பம் உண்டு. குடித்ததை ஊரே அறிந்திருந்தது. விட்டதையும் ஊரே அறிந்துகொள்கிறது. மாலையிட்டவரைச் 'சாமி' என்றழைத்த ஊர்க்கண் இங்கே நாற்பத்தொரு நாளோடு மூடிக்கொள்வதில்லை.

மனந்திறந்த பேச்சு

குடிநோய் மருத்துவத்தில் மருந்தைவிட நெடிய பங்கு பேச்சுக்கு உண்டு. அப்பேச்சு அறிவுரை அன்று. வில்லியம் மில்லர் என்னும் உளவியலறிஞர் 1983 இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த முறை ஒன்று, மாற வேண்டிய காரணத்தை ஆற்றுநர் சொல்லாமல் நோயாளர் வாயிலிருந்தே வரச்செய்ய வேண்டும் என்கிறது. வற்புறுத்தினால் எவரும் தம் பழக்கத்துக்கு வழக்குரைஞராகிவிடுவர். இதனை விளக்க, புளியறைச் சாவடியில் காத்திருக்கும் ஓட்டுநர் ஒருவரைக் கற்பனையாக எண்ணிக்கொள்ளலாம். குடும்பத்தாரின் வற்புறுத்தலால் அரசு மருத்துவமனைக்கு வந்து, ஆற்றுநரின் எதிரே அமர்ந்திருக்கிறார்.

"குடியால உங்களுக்கு ஏதும் சங்கடம் இருக்கா, அண்ணாச்சி?"

"எனக்கு என்ன சங்கடம் மேடம்? நா எப்பம் நெனச்சாலும் நிறுத்திருவேன். போன கார்த்திகைக்கு மால போட்டம்லா, நாப்பத்தோரு நாளும் தொட்டதே கெடையாது."

"நாப்பத்தோரு நாள் இருந்தது பெரிய காரியம் அண்ணாச்சி. சாயங்காலம் கஷ்டமா இல்லையா?"

"மால கெடக்கும்போது ஒண்ணும் தெரியல. ஏழு மணி ஆச்சுன்னா பஜனைக்குப் போயிருவேன். ஜால்ரா அடிக்க நான்தான்."

"மால கழத்துன பொறவு?"

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் மெல்லக் கூறினார்: "ஏழு மணிக்குப் போறதுக்கு ஒரு எடமில்ல."

இவ்வுரையாடலில் ஆற்றுநர் மூன்று வினாக்களை மட்டுமே கேட்டார். ஒரு முறை பாராட்டினார். 'நீங்கள் குடிநோயாளர்' என்று ஒரு முறையும் கூறவில்லை. ஆயினும் நோயின் முகவரி கிடைத்துவிட்டது. ஏழு மணி என்பதே அது.

இத்தகைய பேச்சு ஆற்றுநரோடு மட்டும் நிகழ்வதன்று. 1935 இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடியிலிருந்து மீள முயன்ற பங்கு வணிகர் ஒருவரும், அதே நிலையில் இருந்த மருத்துவர் ஒருவரும் சந்தித்துப் பேசினர். மற்றொரு குடிநோயாளரோடு பேசிக்கொண்டிருக்கும்வரை தம்மால் குடிக்காமல் இருக்க இயலுகிறது என்று வணிகர் கண்டார். வள்ளுவர் பத்தாவது குறளில் கேட்ட வினாவுக்கு ஒரு விடைபோல் அமைந்த அச்சந்திப்பிலிருந்து, பெயர் கூறாக் குடிநோயாளர் இயக்கம் பிறந்தது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற பெயரில் உலகெங்கும் பரவிய அவ்வியக்கம் தமிழகத்திலும் கூட்டங்களை நடத்துகிறது. கட்டணம் இல்லை; முழுப்பெயர் கேட்பதில்லை. ஒருவர் தம் கதையைச் சொல்வார். பிறர் குறுக்கிடாமல் கேட்பர். பசி, சினம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் ஒருவரை மீண்டும் குடிக்கு இழுக்கும் என்பது அக்கூட்டங்களில் அடிக்கடி நினைவூட்டப்படும் பாடம். இந்நான்கும் ஒருசேரக் கூடும் இடம் நெடுஞ்சாலை இரவு என்பதை ஓட்டுநர் எவரும் ஒப்புக்கொள்வர்.

மீண்டவர் மீண்டும் ஒரு முறை குடித்துவிடுவதும் உண்டு. அதுவே கடினமான பொழுது. 'இனி என்ன இருக்கிறது' என்னும் எண்ணம் ஒரு குவளையைப் பல நாள் குடியாக மாற்றிவிடுகிறது. ஆலன் மார்லட் என்னும் அறிஞர் 1980களில் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கினார்: வழுக்குதல் வேறு, வீழ்ந்து கிடத்தல் வேறு. குற்றாலத்துப் பாறையில் கால் வழுக்காதவர் எவர்? வழுக்கியவர் அருகிலுள்ள கம்பியைப் பற்றிக்கொண்டு நிமிர்வதே வழக்கம். ஒரு முறை குடித்தவர் அன்றே, ஏச்சுக்கு அஞ்சாமல், அதனைச் சொல்லிக்கொள்ள ஒருவர் வேண்டும். சொல்ல இயலாத வீட்டில் வழுக்கல் வீழ்ச்சியாகிவிடுகிறது.

தெரிந்து தெளிவோம்

குடிப்பவருக்குத் தெரியாமலேயே உணவில் கலந்து கொடுக்கலாம் என்று கூறி மருந்து விற்கும் விளம்பரங்களைச் சுவர்களில் காணலாம். டைசல்ஃபிரம் என்னும் மருந்தின் தன்மையை டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள் ஜென்ஸ் ஹால்டு, எரிக் யாக்கோப்சன் ஆகியோர் 1940களில் கண்டறிந்தனர். அதனை உட்கொண்டவர் மது அருந்தினால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், இரத்த அழுத்தம் தாழும், உயிருக்கும் இடர் நேரலாம். ஆகவே நோயாளரின் முழு இசைவோடு, மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே அது கொடுக்கப்படுகிறது. எதில் என்ன கலந்துள்ளது என்றறியாத பொடியை மறைத்துக் கொடுத்தல் நஞ்சூட்டுவதற்கு ஒப்பாகும்.

ஏழு மணிக்கு ஓர் இடம்

தென்காசிக்கு அண்மையிலுள்ள சாம்பவர் வடகரையில் 1859 இல் பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர். ஆசிரியராகப் பணி தொடங்கி, சித்த மருத்துவராகத் தஞ்சையில் புகழ்பெற்றார். சுருளிமலையில் கருணானந்தர் என்னும் துறவியிடம் மருந்து முறைகளைக் கற்றார் என்பது அவர் வரலாறு. மருந்துகளால் ஈட்டிய பொருளை இசை ஆய்வில் செலவிட்டார். 1912 இல் தஞ்சை சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவினார். 1917 இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். மருத்துவமும் இசையும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த வீடு அவருடையது. அவரைத் தந்த மண்ணில் இசையின் நலம் பயக்கும் ஆற்றலைப் பற்றிப் பேசுதல் பொருத்தமுடையது. ஆயினும் 'இந்த இராகம் இந்த நோயைத் தீர்க்கும்' என்று பட்டியலிடுவோர் கூற்றுகளை அப்படியே ஏற்றல் அறிவியல் ஆகாது.

அறிவியல் கூறுவது இன்னும் அடக்கமானது, அதனாலேயே நம்பத்தக்கது. மாண்ட்ரியலில், ஓல்ட்ஸும் மில்னரும் ஆய்வு செய்த அதே மெக்கில் பல்கலைக்கழகத்தில், 2011 இல் மற்றோர் ஆய்வு வெளிவந்தது. தமக்கு மிக விருப்பமான இசையைக் கேட்போரின் மூளையில் டோபமின் சுரப்பதை அது காட்டியது. இசை உச்சத்தை எட்டும்போது மட்டுமன்று, அவ்வுச்சத்தை எதிர்நோக்கிக் காத்திருக்கும்போதும் அது சுரந்தது. மது திறக்கும் கதவை இசையும் திறக்கவல்லது என்பதே இதன் பொருள். இசை அக்கதவை உடைப்பதில்லை என்பதே வேறுபாடு. 2022 இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, வழக்கமான மருத்துவத்தோடு இசைச் சிகிச்சையும் சேரும்போது போதை வேட்கை ஓரளவு குறைவதையும், மாற வேண்டும் என்னும் ஊக்கம் கூடுவதையும் கண்டது. மனச்சோர்வும் பதற்றமும் நீங்கும் என்பதற்கு அதே அளவு தெளிவான சான்று அதில் கிட்டவில்லை. மருத்துவத்துக்கு மாற்றாக இசையை எவரும் முன்வைக்கவும் இல்லை.

பயிற்சி பெற்ற இசைச் சிகிச்சையாளர் இல்லாத ஊர்களில் என்ன செய்வது? தமிழக வரலாற்றிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. கள்ளுக்கடையை மூடினால் மாலைப்பொழுது வெறுமையாகும் என்பதை அன்றைய ஆட்சியாளர் உணர்ந்திருந்தனர். எனவே பஜனை, நாடகம், விளையாட்டு முதலிய மாற்றுப் பொழுதுபோக்குகளுக்கு ஏற்பாடு செய்யப்பட்டது. மதுவிலக்குச் சட்டத்தின் வெற்றி தோல்விகளைப் பற்றி இன்றளவும் வாதிடுகின்றனர். பஜனைக்கும் விளையாட்டுக்கும் செய்த அச்சிறு ஏற்பாட்டையோ நினைவுகூர்வோர் குறைவு. ஏழு மணியின் வெறுமையைக் கண்டறிந்த கண் அது.

தென்மாவட்டங்களுக்கே உரிய வில்லுப்பாட்டை இந்நோக்கில் காணலாம். முதன்மைப் பாடகர் வீசுகோலால் வில்லின் நாணைத் தட்டிக் கதை சொல்வார். குடமும் உடுக்கையும் தாளமும் கட்டையும் உடன் ஒலிக்கும். அவர் ஒரு வரி சொல்லி நிறுத்தும்போது உடனிருப்போர் 'ஆமாம்' போடுவர். அந்த ஆமாம் இல்லையேல் கதை நகராது. குறுக்கிடாமல், ஆயினும் உடனிருந்து கேட்டல் என்னும் கலையை இம்மண் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. குழுவாக அமர்ந்து ஒருவர் கதையைப் பிறர் கேட்கும் மருத்துவம் இவ்வூர்களுக்கு அந்நியமானது என்று கருதத் தேவையில்லை. குடிக்காத மாலைப்பொழுதில் ஒருவர் குடத்தில் தாளம் தட்டக் கற்றுக்கொண்டால், விரல்களுக்கு வேலை கிடைக்கிறது. நடுக்கம் நின்ற விரல்கள் என்பதை அவரே காண்கிறார். மது உடனே தந்ததை இசைப் பயிற்சி மெதுவாகவே தரும். முதல் மாதம் ஓசைதான் வரும். மெதுவாக வரும் இன்பத்துக்குக் காத்திருத்தல் என்பதே அவர் இழந்திருந்த பழக்கம்.

இசைக்கு மறுபக்கமும் உண்டு. அதனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. காதலில் தோற்ற நாயகன் கையில் குப்பியோடு பாடும் திரைப்பாடல்கள் தமிழில் பல. கூட்டாளிகளோடு குடித்த இரவுகளில் ஒலித்த பாடல், ஆண்டுகள் கழித்துப் பேருந்தில் கேட்டாலும் நாவில் நீர் ஊறச் செய்யும். மணியோசைக்கு உமிழ்நீர் சுரந்த பாவ்லோவின் நாய்கள் இதற்கு மூத்த சான்று. அம்மன் கோவில் கொடையில் நையாண்டி மேளம் முழங்கும்போது, சென்ற ஆண்டு அம்மேளத்துக்கு எப்படி ஆடினோம் என்பது மட்டுமன்று, என்ன அருந்தி ஆடினோம் என்பதும் நினைவில் எழும். எனவே மீண்டவரிடம் 'பாட்டுக் கேளுங்கள்' என்று பொதுவாகச் சொல்வது போதாது. எப்பாட்டு, எவரோடு, எந்நேரத்தில் என்று கேட்க வேண்டும். கொடை வருவதற்கு ஒரு மாதம் முன்பே ஆற்றுநர் அவரோடு அமர்ந்து திட்டமிடுவார். எந்த நாள் ஊரில் இருப்பது, எந்த இரவு மாமனார் வீட்டுக்குச் சென்றுவிடுவது, மேளத்தின் பக்கம் நிற்பதா வில்லுப்பாட்டு மேடையின் பக்கம் அமர்வதா, குப்பியை நீட்டும் பழைய கூட்டாளியிடம் என்ன சொல்வது, வேட்கை மேலிட்டால் யாருக்குத் தொலைபேசியில் பேசுவது என யாவும் தாளில் எழுதப்படும். இத்திட்டத்தில் மனைவியின் கருத்தும் கேட்கப்படும். சிற்றூர் ஒன்றில் குடிநோய் மருத்துவம் பெரும்பாலும் இத்தகைய சிறுசிறு ஏற்பாடுகளால் ஆனது.

இவ்வளவும் கிடைக்கக்கூடியதாக இருந்தும் பெறுவோர் மிகக் குறைவு. புதுதில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகம் மேற்கொண்டு 2019 இல் வெளியான தேசிய ஆய்வு, இந்தியாவில் மதுவைச் சார்ந்து வாழும் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு மருத்துவ உதவி பெற்றதாகக் கூறியுள்ளார் என்று காட்டியது. மருத்துவமனையில் தங்கி மருத்துவம் பெற்றவர் 180 பேரில் ஒருவர் மட்டுமே. அவ்வீடுகளிலிருந்து பள்ளிக்கு வரும் மாணவர் பலர், வீட்டில் நடப்பதைத் தம் உயிர்த்தோழரிடமும் சொல்வதில்லை. பெற்றோரின் குடிக்குப் பிள்ளை காரணமன்று. அதனை நிறுத்துவதும் பிள்ளையின் கடமையன்று. நம்பத்தக்க ஆசிரியர் ஒருவரிடமோ உறவினரிடமோ அதனைச் சொல்வது குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தலும் அன்று.

அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநல மருத்துவரைக் காணலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாகவும் உதவி பெறலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலிமானஸ் என்னும் மனநல உதவி எண் 14416. இரண்டிற்கும் கட்டணம் இல்லை. டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். நாற்பத்திரண்டாம் நாள் இரவு ஏழு மணிக்கும், அதன் பின் விடியும்வரையும் அவ்வெண்ணில் ஆள் இருப்பர்.